‘இங்கே சிரிப்பு’ என்று நீ எழுதிவைத்த நாடகம்

மகன்,

உன்னுடைய நாடகப் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டேன். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் நீ கேட்டதற்காக, இரண்டாம் தரம் உனக்கு ஆற அமர இருந்து ஏசுவதற்காக. போனில் ஏசினால் நீ "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுகிறாய். திரும்ப எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். யுத்தத்துக்குத் தப்பி வந்து வவுனியா முகாமில் கிடக்கிற அத்தனை சனத்துக்கும் தண்ணீரும் கூடாரமும் பார்க்கிறவனுக்கு அம்மாவின் ஏச்சைக் கேட்க நேரம் இருக்காதுதான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் மூடிவைத்தாலும் மிச்சப் பாதி மேசையிலேயே கிடக்கும்.

போன மாதம் நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய். "அம்மா, சுகந்தியிட்ட கேட்டு அந்த நாடகப் புத்தகத்த வாங்கி வாசிங்க. கெம்பஸில நானும் அவவும் புருசன் பொஞ்சாதியா நடிச்ச நாடகம். அதிலயும் இப்பிடித்தான் சண்டை. கடைசிக் காட்சியில எல்லாம் சரிவரும். அவ ஒரு வார்த்தை கூப்பிடட்டும், நான் வாறன்." இதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஒன்று விளங்கியது. உனக்கு ஒரு விஷயம் தெரியாது. சொல்லக்கூடாது என்று உன் பெண்சாதி சுகந்தி எல்லாருடைய வாயையும் அடைத்துவைத்திருக்கிறாள். நான் அவளுக்குக் கொடுத்த வாக்கை இதோ மீறுகிறேன்.

அவள் இப்போது உன்னுடைய வீட்டில் இல்லை. நீ போய் மூன்றாம் நாளே புது வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, தேற்றாத்தீவுக் கரையில் அவளுடைய அம்மாவின் வளவில் நிற்கிற தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். ஆம், அதே கொட்டில்தான். சுனாமி அலைக்குப் பிறகு நிவாரணத்தில் போட்டுத் தந்த, நீங்கள் ஒன்றரை வருடம் வெந்து கிடந்த கொட்டில். தகரம் கறள்பிடித்து மூன்று இடத்தில் ஒழுகுகிறது. புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மாரி தொடங்கினால் உன்னுடைய மூன்று வயது மகள் எந்த மூலையில் படுப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போய் மன்றாடிப் பார்த்தேன். "மாமி, அவர்ட வீட்டில எனக்கு என்ன வேலை? போகச் சொன்னார், வந்திட்டன்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

நீ என்ன சொன்னாய் என்று அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். காணி உறுதியைத் தன் பேருக்கு மாற்றித்தரும்படி அவள் கேட்டிருக்கிறாள். நீ அலுமாரியைத் திறந்து, உறுதியை அவள் முகத்துக்கு முன்னால் விரித்து, "பார், ஆர்ட பேர் இருக்கு? இது என்ட வீடு. விருப்பமில்லாட்டி வெளிய போ" என்றிருக்கிறாய். சொல்லிவிட்டு அடுத்த நாளே வவுனியாவில் வேலை என்று நீ பஸ் ஏறிவிட்டாய். போகச் சொன்னவனும் நீ, போனவனும் நீ! இப்படியொரு கோமாளித்தனம் உன்னுடைய புத்தகத்திலும் இல்லை, மகன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அதை எடுக்க நான்தான் உங்கள் வீட்டைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டில் எறும்பு வாசலிலிருந்து குசினி வரைக்கும் பாதை போட்டிருந்தது. புத்தகம் அலுமாரியில் இருந்தது. அலை வந்த அன்று உன் ஆபீஸ் மேசையில் கிடந்ததால் மிஞ்சிய புத்தகம் என்று நீ சொல்லுவாயே, அதுதான். பக்கத்துக்குப் பக்கம் நீ பென்சிலால் "இங்கே சிரிப்பு", "இங்கே நீண்ட சிரிப்பு" என்று குறித்துவைத்திருக்கிறாய். நான் தையல் மெஷினோடு காலம் தள்ளியவள், நாடகக் கலை எனக்குத் தெரியாது. ஆனால் புருசன் பெண்சாதிச் சண்டை தெரியும். நீ சிரிப்பு என்று எழுதிய ஒரு இடத்திலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தத் தேசத்திலோ எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி. அவனும் பெண்சாதியும் யன்னலைத் திறந்துவைப்பதா மூடிவைப்பதா என்று சண்டை பிடிக்கிறார்கள். அவன் கோபித்துக்கொண்டு போய், பொய்த்தாடி ஒட்டிச் சீலை வியாபாரி வேஷத்தில் தன் வீட்டுக்கே வந்து, பெண்சாதி தன்னை நினைத்து அழுகிறாளா என்று வேவு பார்க்கிறான். கண்றாவி! காத்தான்குடியிலிருந்து நம்மூருக்குச் சீலை கொண்டுவருகிற வியாபாரி காக்காவுக்கு எந்த வீட்டில் என்ன சண்டை என்று படலையைத் திறக்கும்போதே தெரியும். இவன் சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஐந்து அங்கம் தாடியைச் சொறிந்துகொண்டு திரிகிறான். அந்த ஐந்து அங்கத்திலும் அந்த வீட்டில் யார் சமைத்தது, யார் விளக்கு ஏற்றியது, அவளுக்குக் காய்ச்சல் வந்ததா, ஒரு வசனம் இல்லை. கடைசியில் தாடியைக் கழற்றுகிறான், அவள் நாலே வரி பேசுகிறாள், விருந்து, பாட்டு, முடிந்தது. அவள் மன்னித்தாளா, களைத்துப்போய் விட்டுவிட்டாளா என்று எழுதியவர் சொல்லவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் என்ன தெரியுமா? அந்த யன்னலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்து கிடந்ததா, மூடிக் கிடந்ததா? அவளுக்கு ஏன் அது திறந்திருக்க வேண்டும்? ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் விடிந்தால் அதே யன்னல், அதே சண்டைதான்.

தாடிக்காரன் முதன்முதலாக வருகிற பக்கத்தில் உன் பென்சிலுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு வரி இருக்கிறது. சுகந்தியின் எழுத்து. "இவளுக்கு முதலே தெரியும்" என்று எழுதியிருக்கிறாள். நீ அதைப் பார்த்தாயா? இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது? நீ அவளோடு ஒரே மேடையில் நின்று நடித்தாய், ஆனால் உன் வசனத்தை மட்டும்தான் பாடமாக்கினாய் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தில் அவள் எடுத்ததற்கெல்லாம் "என் தகப்பன் வீட்டுக்குப் போகிறேன்" என்று பெட்டி கட்டுகிறாள். எங்கள் பக்கத்தில் அந்தக் காட்சி ஓடாது. இங்கே வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள், கட்டுகிறவன் வந்து இருப்பான். சண்டை வந்தால் சாரத்தை மடித்துக்கொண்டு வெளியே போகிறவன் ஆம்பிளை. கலியாணம் கட்டி நீ அப்படித்தான் சுகந்தியின் அம்மா வீட்டுக்கு இருக்கப் போனாய், உன் அப்பா அப்படித்தான் சித்தாண்டியிலிருந்து என் வீட்டுக்கு வந்தார். சுகந்தியின் அம்மாவையும் வீட்டையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. அந்தப் பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடந்த நாட்களில், படிவம் நிரப்பத் தெரிந்த நீ, நிவாரண வீட்டுப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உன் பேரை எழுதினாய், உறுதியும் உன் பேரில் வந்தது. வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை. படிவம் அப்படிக் கேட்டது, நீ அப்படி எழுதினாய். ஆனால் சண்டையில் உறுதியைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தது படிவம் இல்லை. போகச் சொன்னாயே, எங்கே போவாள்? அம்மா வீட்டுக்கா? அதற்குத்தானே போயிருக்கிறாள், அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சிய அம்மா வீட்டுக்கு.

நம்மூரில் ஒரு ஆம்பிளை தன் பெண்சாதியைப் பார்த்து "இது என்ட வீடு, வெளிய போ" என்று சொன்னதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சொல்ல அவனுக்கு வீடு இருந்ததில்லை. அப்படியென்றால் இந்தச் சொல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன், உன் படிப்பைத் திட்டினேன், உன் ஆபீஸைத் திட்டினேன். புத்தகத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் பிடிபட்டது. சொல் என்னுடையது. நீ அதை என் வாயிலிருந்து கேட்டாய்.

உனக்குப் பத்து வயது இருக்கும். என் அம்மா நட்ட முருங்கையை உன் அப்பா ஒரு நாள் என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டார். பாதி மரம் போய்விட்டது. நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வளவு அதிரக் கத்தினேன். "இது என்ட வீடு, என்ட அம்மாட மரம். பிடிக்காட்டி வெளிய போங்க!" நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவர் கத்தியைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தாண்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் வழியில் எத்தனை ஆமிச் சென்றி, எத்தனை சுற்றிவளைப்பு என்று உனக்கு ஞாபகம் இருக்கும். றோட்டில் போன ஆம்பிளை திரும்பி வருவான் என்று நிச்சயம் இல்லை. ஆனாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. அவர் வரட்டும் என்று நான். கூப்பிடட்டும் என்று அவர். ஒன்றரை மாதம், மகன். அந்த ஒன்றரை மாதத்தில் அவரை யாராவது பிடித்துக்கொண்டு போயிருந்தால் நான் என்னை எப்படி மன்னித்திருப்பேன்?

வட்டையில் அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லோடு வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்தார். அதுதான் எங்களுடைய கடைசிக் காட்சி. நீயும் உன் தங்கையும் அப்பா வந்திட்டார் என்று துள்ளினீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த மனிசன் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் என்னிடம் கேட்பார். "புள்ள, இதில ஒரு ஆணி அடிக்கட்டா?" கோபமாக இல்லை, குத்தலாக இல்லை. இன்னொருவர் வீட்டில் இருக்கிறவர் எப்படிக் கேட்பாரோ அப்படி. கேட்கும்போதெல்லாம் அந்த ஆணி எனக்குள் இறங்கும். "ஓம், அடிங்க" என்று மட்டும் சொல்லுவேன். வேறு ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு திமிர்.

பிறகு அலை வந்தது. நான் வாவிப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தேன், அதனால் இருக்கிறேன். அவர் சித்தாண்டி வயலில் இருந்தார். சேறும் முள்ளும் மிதித்து என்னைத் தேடி அவர் வந்த கோலத்தை நீயும் பார்த்தாய். பள்ளிக்கூடத்து அகதி முகாமில் ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம் இருந்தோம். படிவத்தோடு வந்த பெடியன், "குடும்பத் தலைவர்ர பேரச் சொல்லுங்க ஐயா" என்றான். அப்பா என் பேரைச் சொன்னார். "ஆம்பிளைட பேர்தான் போடோணும் ஐயா." "வீடு அவட. அவட தாய் அவவுக்குக் குடுத்த வளவு. கடல் எடுத்ததும் அவட வீட்டத்தான். நான் அங்க இருந்த ஆள்." பெடியன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "அவட பேரில போடேலாட்டி எங்களுக்கு வீடு வேணாம்" என்றார். வாய் பேசாத மனிசன், இந்த ஒன்றுக்காக அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை தரம் நடந்தார்! கடைசியில் என் பேரில்தான் எழுதினார்கள். பொண்டாட்டிக்காக வாதாடினார் என்று முகாமே மெச்சியது. "நான் அங்க இருந்த ஆள்" என்ற வசனம் எங்கே பிறந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அழிவுக்கு நடுவில் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஆக, நீ காத்திருக்கிற கடைசிக் காட்சியை நான் இருபது வருடம் நடித்துப் பார்த்தவள். அதில் தாடியைக் கழற்றலாம், தேத்தண்ணி குடிக்கலாம், ஒரே பாயில் படுத்து எழும்பலாம், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைக்கலாம். சொன்ன சொல் மட்டும் சொன்ன இடத்திலேயே நிற்கும். நாட்டுச் சண்டை முடிந்துவிட்டது என்று வைகாசியில் பட்டாசு கொளுத்தினார்களே, நீ வேலை செய்கிற முகாமில் இருக்கிற சனத்திடம் கேட்டுப்பார், முடிந்துவிட்டதா என்று. நான் பெரிய பெரிய கதை பேசவில்லை. முடிந்தது என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கும் முடிந்ததா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முந்தநாள் நடந்ததையும் எழுதுகிறேன். புத்தகத்தை இரண்டாம் தரம் முடித்துவிட்டு உன் மேல் உள்ள கோபத்தில் குந்திக்கொண்டிருந்தேன். மாரிக்கு முன் குடையைக் கொழுவ இடம் பார்த்துக்கொண்டு அப்பா சுத்தியலோடு வந்தார். "புள்ள, வாசல் சுவரில ஒரு ஆணி அடிக்கட்டா?" எனக்கு என்ன வந்ததோ! "உங்கட வீடுதானே. என்னத்துக்கு என்னக் கேக்கிறீங்க? அடிங்க" என்றேன். "என்ன?" என்றார். திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்டும் செய்யல்லையே? காய்ச்சல் கீய்ச்சல்?" என்றார். "ஒண்டும் இல்ல. முருங்கையடியில அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சிக்கங்க." சொல்லிவிட்டேன், மகன். நாக்கு கழன்று விழவில்லை.

அவர் ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த முருங்கை உள்ளுக்க உக்கிப்போய் நிண்டது புள்ள. கொப்பு முறிஞ்சா நீ தைக்கிற இடத்து ஓட்டிலதான் விழும். அதான் வெட்டினன்." இருபது வருடம்! நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நாடகத்தில் யன்னலை ஒருவரும் பார்க்கவில்லை என்று ஏசினேனே, நான் மட்டும் மரத்தைப் பார்த்தேனா? பிறகு அவர் திரும்பி ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். எந்தப் புண்ணியவான் பூசிய சுவரோ, சோற்றுக் கோப்பை அளவுக்குப் பூச்சு கழன்று காலடியில் விழுந்தது. அவர் சுத்தியலை இறக்காமல் பயந்துபோய் என்னைப் பார்த்து, "இப்பவும் என்ட வீடுதானா?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே சிரிப்பு வரும் என்று ஒருவரும் பென்சிலால் எழுதிவைக்கவில்லை.

இதுவரைக்கும் எழுதிய இந்தக் கடிதத்தை ஒட்டாமல் நேற்று சுகந்தியிடம் கொண்டுபோனேன். வாக்கை மீறினேன், அதை ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. ஏசுவாள் என்று நினைத்தேன். கொட்டில் வாசலில் இருந்து முழுதாக வாசித்தாள். சின்னவள் என் மடியில் நித்திரை. வாசித்து முடித்து மடித்துத் தந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "மாமி, கொட்டில் ஒழுகுது எண்ட வரிய வெட்டிவிடுங்க. அதுக்காக அவர் வரவேணாம்."

நான் வெட்டவில்லை. ஆனால் அவள் வெட்டச் சொன்னாள் என்பதையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் வாசித்துவிட்டு எதற்காக வருகிறாய் என்று நீயே யோசித்துக்கொள். என் வீட்டுக்கு வந்து நிற்காதே, நாளைக்கு அது உன் தங்கையின் வீடு, அங்கே உனக்குப் பாய் இல்லை. கச்சேரியில் உறுதியை மாற்ற என்ன வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும், அந்த வாசல்படி எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் உறுதி பிறகு. முதலில் மற்றது.

திறப்பை ஒரு சீலைத் துண்டில் வைத்துத் தைத்து இத்துடன் அனுப்புகிறேன். நேரே தேற்றாத்தீவுக் கரைக்குப் போ. தாடி மீசை ஒன்றும் வேண்டாம், நீ வருவது பஸ்ஸால் இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். சொன்னது பிழை என்று சொல், திறப்பை அவள் கையில் கொடு. அவள் வந்து கதவைத் திறந்தால் நீ பின்னால் நுழையாதே. வாசலில் நின்று, "உள்ளுக்க வரட்டா?" என்று கேள். அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது, மகன். புத்தகத்தில் தேடாதே, அதில் இல்லை. நின்று கேள்.

ஏசி முடியாத,
அம்மா